மிஞ்சிய சரக்கும் காத்திருக்க முடியாதவர்களும்

2024 ஜனவரியில் கொழும்பில் ஒரு கிலோ கரட்டின் விலை 2,000 ரூபாயைத் தாண்டியது. வெள்ளவத்தைச் சந்தையில் இரண்டே இரண்டு கரட்டை நிறுத்து வாங்கிப் போனவர்களைப் பார்த்தேன். மலைநாட்டில் விடாத மழை, நிலத்திலேயே அழுகிப்போன பயிர், வந்த கொஞ்சத்துக்குப் போட்டி. அந்த நாட்களில் பஸ்ஸிலும் சலூனிலும் கல்யாண வீட்டுப் பந்தியிலும் கரட் கதைதான். சில வாரங்கள் போனதும் விலை இறங்கத் தொடங்கியது. விழுந்தது என்றே சொல்லலாம். அப்போது கரட்டைப் பற்றி யாரும் கதைக்கவில்லை.

விலை ஏறும்போது ஊருக்கெல்லாம் தெரிகிறது. விழும்போது நட்டவருக்கும் லொறிக்காரருக்கும் கொமிசன் கடைக்காரருக்கும்தான் தெரிகிறது. கொழும்பில் இருக்கும் நாம் சந்தையைச் சமையலறை வாசலில் நின்றே பார்க்கிறோம். அதனால் விளைச்சல் மிஞ்சினால் நல்ல காலம் என்று நினைத்துக்கொள்கிறோம். எனக்கு அப்படித் தோன்றாததற்குக் காரணம் என் பெரியப்பா. கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த பழைய மெனிங் சந்தையில் அவர் நெடுங்காலம் மரக்கறிக் கொமிசன் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூட விடுமுறையில் அந்தக் கடையின் கணக்குக் கொப்பி என் கையில் இருக்கும். பிறகு கணக்கியல் படித்து அதையே தொழிலாகவும் செய்கிறேன். ஆனாலும் சரக்கு மிஞ்சினால் என்ன நடக்கும் என்பதை அந்தக் கொப்பியைவிடத் தெளிவாக எனக்கு எந்த வகுப்பும் காட்டவில்லை.

அங்கே நான் கண்டது இதுதான். சரக்கு மிஞ்சும்போது விலை எவ்வளவு தூரம் விழும் என்பதை மிஞ்சிய அளவு பாதிதான் தீர்மானிக்கிறது. விற்பவரால் நாளைவரை பொறுத்திருக்க முடியுமா என்பது மீதியைத் தீர்மானிக்கிறது. பொறுக்க முடியாதவர் கையில் இருக்கும் சிறு மிகையே போதும், சந்தை கவிழ்ந்துவிடும். பொறுக்க முடிந்தவர் கையில் மலைபோலக் குவிந்திருந்தாலும் விலை அசையாது.

சந்தையின் வேலை நள்ளிரவுக்குப் பிறகுதான் சூடுபிடிக்கும். நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளைப் பக்கத்து லொறிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். நாட்டாமிகள் மூட்டைகளைத் தலையில் ஏற்றிக்கொண்டு வழிவிடச் சொல்லிச் சத்தம் போட்டபடி ஓடுவார்கள். ஆனால் அந்த நேரத்தில் யாரிடம் விலை கேட்டாலும் சொல்லமாட்டார்கள். எல்லாரும் லொறி எண்ணிக்கொண்டிருப்பார்கள். பெரியப்பா கடையில் விளக்கைப் போட்டதும் சொல்லும் முதல் வார்த்தை, கடைப் பையனைப் பார்த்து, "தம்பி, கோவா எத்தனை லொறி இறங்கியிருக்கு எண்டு பார்த்திட்டு வா" என்பதுதான். முட்டைக்கோஸைத்தான் நாங்கள் கோவா என்போம். பையன் திரும்பி வந்து சொல்லும் எண்ணிக்கையில்தான் அன்றைய விலை தொடங்கும்.

வழமையாகப் பத்து லொறி வரும் நாளில் பன்னிரண்டு வந்தால் என்ன ஆகும்? சரக்கு ஐந்தில் ஒரு பங்கு கூடியிருக்கிறது, விலையும் ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்றுதான் கணக்குப் படித்தவர் நினைப்பார். கொப்பியில் நான் எழுதிய விலைகள் அப்படி இறங்கவில்லை. அப்படிப்பட்ட நாட்களில் அவை பாதிக்குப் பாதி இறங்கின. காரணம் எளிது. கோவா பாதி விலை என்பதற்காக எந்த வீட்டிலும் இரண்டு கோவா சமைப்பதில்லை. வயிறு அதே வயிறு. மிஞ்சிய அந்த இரண்டு லொறியை வாங்க வைக்க வேண்டுமென்றால், கோவா வாங்கும் எண்ணமே இல்லாதவரைப் பிடிக்க வேண்டும். அவரைப் பிடிக்கும் விலைதான் மற்றப் பத்து லொறிக்கும் விலையாகிவிடும். முதலில் வந்தது, நல்லது, கெட்டது என்ற பேதமெல்லாம் ஓரளவுக்குத்தான் நிற்கும்.

இது அந்தப் புறக்கோட்டைச் சந்தையின் விசித்திரம் அல்ல. 17 ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் கிரெகரி கிங் என்பவர் தானிய விலைகளை வைத்து ஒரு மதிப்பீடு செய்தார். அதை 1699 இல் சார்ள்ஸ் டேவனன்ட் அச்சில் கொண்டுவந்தார். விளைச்சல் பத்தில் ஒன்று குறைந்தால் விலை பத்தில் மூன்று ஏறும், பாதியாகக் குறைந்தால் 450 சதவீதம் ஏறும் என்கிறது அந்தக் கணக்கு. அவர் பேசியது பற்றாக்குறையைப் பற்றி. ஆனால் அதே கயிறு மறுபக்கமும் இழுக்கும். உணவுப் பொருளில் அளவு கொஞ்சம் ஆடினாலே விலை பெரிதாக ஆடும்.

மரக்கறிக்கு இதோடு இன்னொரு சுமையும் உண்டு, அதுதான் நேரம். அதிகாலை மூன்று மணிக்கு இருந்த விலை ஆறு மணிக்கு இருக்காது. எட்டு மணிக்கு லொறிக்காரர் திரும்பிப் போக அவசரப்படுவார். கடைத் தரை அன்றைக்கே காலியாக வேண்டும், இரவு அடுத்த சரக்கு வரும். கோவாவின் வெளி இலை மஞ்சளாகத் தொடங்கியிருக்கும், தக்காளிப் பெட்டியின் அடியில் ஈரம் கசியும். இதையெல்லாம் நன்றாகத் தெரிந்தவர்கள் சாப்பாட்டுக் கடைக்காரர்கள். அவர்கள் அவசரமே படமாட்டார்கள். விடிந்து வெயில் ஏறிய பிறகு கையை வீசிக்கொண்டு வந்து, மிஞ்சியதைக் கேட்ட விலைக்கு அள்ளிக்கொண்டு போவார்கள். அவர்களிடம் குற்றம் காண முடியாது. அவர்களால் பொறுக்க முடிந்தது, கடைக்காரரால் முடியவில்லை, அவ்வளவுதான்.

கடைக்காரருக்கும் பின்னால் ஒருவர் நிற்கிறார். சரக்கு அவருடையது. பெரியப்பா விற்றுக் கொடுத்து, கொமிசனை எடுத்துக்கொண்டு, மிச்சத்துக்குத் துண்டு எழுதி அனுப்புவார். அந்தத் துண்டு எழுதுவதுதான் என் வேலை. விற்ற தொகையை மேலே எழுதி, அதிலிருந்து லொறிக் கூலி, நாட்டாமிக் கூலி, சாக்குக் காசு, கொமிசன் என்று ஒவ்வொன்றாகக் கழித்து வருவேன். சில நாட்களில் கழித்துக்கொண்டே வந்தால் கீழே எழுத ஒன்றும் இருக்காது. சில நாட்களில் தோட்டக்காரர்தான் லொறிக்காரருக்குக் காசு கொடுக்க வேண்டியதாக வரும். பெரியப்பா லொறிக் கூலியைத் தன் கையால் கொடுத்துவிட்டு, அதை அவர் பெயரில் பற்று எழுதச் சொல்வார். மூன்று மாதம் மண்ணில் நின்ற மனிதருக்கு ஒரு இரவில் கடன் வந்துவிடும்.

நுவரெலியாவை அடுத்த கந்தப்பளைப் பக்கத்திலிருந்து ஒருவர் வழமையாக லீக்ஸ் அனுப்புவார். ஒருநாள் மத்தியானம் அவருடைய தொலைபேசி அழைப்பு வந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். "மொதலாளி, நாளைக்கு லீக்ஸ ஏத்தட்டுங்களா?" என்று கேட்டார். "வேண்டாம் தம்பி, ஏத்தாதீங்கோ. லொறிக் கூலிக்கே காணாது" என்றார் பெரியப்பா. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு அவர் சொன்னார்: "புடுங்கலன்னா அடுத்த நடவுக்கு எடம் இல்லைங்களே, மொதலாளி." விற்றாலும் நட்டம், நிலத்தில் விட்டாலும் நட்டம். லீக்ஸ் நிலத்தில் சில நாள் பொறுக்கும், ஆனால் அந்த நிலம் பொறுக்காது. அவருக்கு இருந்தது அந்த ஒரு துண்டு நிலம்தான்.

கோவாவையும் கரட்டையும் வீதியோரத்தில் கொட்டிவிட்டுப் போகும் படங்களைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். "இல்லாதவர்களுக்குக் கொடுத்திருக்கலாமே" என்று கொழும்பில் பலர் சொல்வார்கள். கொடுக்க வேண்டுமென்றாலும் பிடுங்க ஆள் வேண்டும், சாக்கு வேண்டும், லொறி வேண்டும். அந்தச் செலவைக்கூடத் திருப்பித் தராத சரக்கை அவர் எந்தக் காசில் கொழும்புக்குக் கொண்டுவருவார்?

அப்படியானால் அங்கே கொட்டப்படும் அதே வாரத்தில் இங்கே கடையில் ஏன் மலிவாகக் கிடைப்பதில்லை? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தோட்டத்தில் கிலோ 100 ரூபாய் விற்ற மரக்கறி நம் கடையில் 260 என்று வைத்துக்கொள்வோம். இடையில் உள்ள 160 இல் பெரும்பகுதி டீசல், கூலி, கடை வாடகை, வழியில் நசுங்கி அழுகியது ஆகியவற்றுக்குப் போகிறது. இவை எவையும் தோட்டத்து விலையோடு சேர்ந்து குறைவதில்லை. தோட்டத்தில் 100 ரூபாய் 20 ஆக விழுந்தாலும் நமக்கு 260 என்பது 180 க்குக் கீழே போவது கடினம். அவருக்கு ஐந்தில் நான்கு பங்கு போய்விட்டது, நமக்கு மூன்றில் ஒரு பங்குகூடக் குறையவில்லை. போதாக்குறைக்குச் சில்லறைக் கடைக்காரர் நேற்றைய விலையை இன்றும் கொஞ்சம் பிடித்து வைத்திருப்பார், ஏனென்றால் நாளை ஏறினால் என்ன செய்வது என்ற பயம் அவருக்கு. ஏற்றம் ஒரே காலையில் நம்மிடம் வந்துவிடும். இறக்கம் ஆறுதலாகத்தான் வரும், முழுதாகவும் வராது. தோட்டக்காரர் இழந்தது அப்படியே நம் பையில் விழுகிறது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

2020 இல் இந்த விஷயத்தைக் கொழும்பு முழுவதும் நேரில் பார்த்தது. மார்ச் 20 மாலை ஊரடங்கு போட்டார்கள், கொழும்பில் அது மே மாதம் வரை நீண்டது. மலைநாட்டிலும் தம்புள்ளையிலும் மரக்கறி குவிந்து கிடந்தது. கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கைக்கு ஒரு மரக்கறி லொறி வருமா என்று பல்கனியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரே நாட்டில், சில மணித்தியாலப் பயணத் தூரத்தில், ஒரு பக்கம் மிகை, மறுபக்கம் தட்டுப்பாடு. அதே ஏப்ரல் 20 ஆம் திகதி அமெரிக்காவில் மசகு எண்ணெயை மே மாதத்தில் பொறுப்பெடுக்கும் ஒப்பந்தம் பீப்பாய்க்கு மைனஸ் 37.63 டொலரில் முடிந்தது. விற்பவர் எண்ணெயையும் கொடுத்து மேலே காசும் கொடுக்க வேண்டிய விலை. ஒப்பந்தம் அடுத்த நாள் காலாவதியாக இருந்தது. வைத்திருந்தவர்கள் ஒக்லஹோமாவிலுள்ள குஷிங்கில் எண்ணெயைப் பொறுப்பெடுக்க வேண்டும், அங்கே ஊற்றி வைக்கத் தாங்கியில் இடம் கிடைக்கவில்லை. அந்தச் செய்தியை வாசித்தபோது எனக்குப் பெரியப்பாவின் கொப்பிதான் ஞாபகம் வந்தது. லொறிக் கூலிக்குக் கடன்பட்ட தோட்டக்காரருக்கும் அது மைனஸ் விலைதான். நிலத்துக்கடியில் கோடிக்கணக்கான வருடம் கெடாமல் இருந்த எண்ணெய்கூட, வைக்க இடமில்லை என்றால் ஒரே நாளில் தக்காளி மாதிரி ஆகிவிடுகிறது.

அழுகாத பொருளென்றால் பொறுத்திருக்கலாம் என்றும் சொல்லிவிட முடியாது. அதற்கு நம் நாட்டுக் கதையே இருக்கிறது. நூறு வருடத்துக்கும் மேல் பழைய கதை, ஆனால் எனக்கு இது மிக முக்கியமாகப் படுகிறது.

1869 இல் இலங்கையின் கோப்பித் தோட்டங்களில் இலைத் துரு நோய் தென்பட்டது. அடுத்த பதினைந்து இருபது வருடங்களில் கோப்பி படுத்துவிட்டது. கடனில் மூழ்கிய வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் தப்பிக்க வழி தேடியபோது கையில் கிடைத்தது சிங்கோனா. மலேரியாவுக்கான குயினைன் மருந்து அதன் பட்டையிலிருந்து வந்தது, விலையும் உச்சத்தில் இருந்தது. நாற்றுக்கும் பஞ்சமில்லை, 1861 இல் ஹக்கலைத் தாவரவியல் தோட்டத்தை அமைத்ததே சிங்கோனா வளர்த்துப் பார்க்கத்தான். எல்லாரும் ஒரே நேரத்தில் நட்டார்கள். 1886 அளவில் வருட ஏற்றுமதி ஒன்றரைக் கோடி இறாத்தலை எட்டியது. லண்டனில் விலை நொறுங்கிப்போனது.

இதில் யோசிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. சிங்கோனாப் பட்டை மரத்தில் இருக்கும்வரை கெடாது. விலை விழுந்தால் உரிக்காமல் விட்டுவிடலாம், மரம் நிற்கும். பாடப்புத்தகமும் அப்படித்தான் சொல்லும்: விலை குறைந்தால் வரத்தும் குறையும். நடந்ததோ நேர்மாறு. துரைமாருக்கு வங்கிக் கடன் கழுத்தில். தேயிலை நட நிலமும் முதலும் தேவை. ஆகவே விலை விழ விழ இன்னும் உரித்தார்கள், மரத்தை வேரோடு பிடுங்கியும் பட்டையை விற்றார்கள். அந்தப் பட்டை விலையை மேலும் அடித்தது. சில வருடங்களில் இலங்கையிலிருந்து சிங்கோனா ஏறக்குறைய மறைந்தே போனது. குயினைன் கூடுதலாக உள்ள மர இனத்தை வைத்திருந்த ஜாவா அந்த வியாபாரத்தை எடுத்துக்கொண்டது. 1913 இல் அங்கத்தைய தோட்டக்காரர்களும் குயினைன் தயாரிப்பாளர்களும் சேர்ந்து விலைக்கு ஓர் ஒப்பந்தமே செய்துகொண்டார்கள். இந்த ஏற்ற இறக்கத்தில் கோப்பிக்கும் சிங்கோனாவுக்கும் தேயிலைக்கும் மாறி மாறிக் கைகொடுத்தவர்கள் தென்னிந்தியாவிலிருந்து நடந்து வந்த தொழிலாளர்கள். விலை விழுந்த வருடங்களில் கூலி நிலுவையில் நின்றது முதலில் அவர்களுக்குத்தான்.

பிறகு தேயிலைக்கும் றப்பருக்கும் இதே கண்டம் வந்தபோது தோட்ட முதலாளிகள் பாடம் படித்திருந்தார்கள். 1922 இல் தொடங்கிய ஸ்டீவன்சன் திட்டத்தின்படி மலாயாவும் இலங்கையும் றப்பர் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தின. டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகள் சேரவில்லை. விலை ஏறியதும் அங்கே இன்னும் நட்டார்கள், 1928 இல் திட்டம் கைவிடப்பட்டது. 1933 இல் இலங்கை, இந்தியா, டச்சுத் தீவுகள் மூன்றும் சேர்ந்து தேயிலை ஏற்றுமதிக்குப் பங்கு பிரித்துக்கொண்டன, அது நின்றது. எல்லாரும் சேர்ந்து பொறுத்தால்தான் பொறுமைக்கு விலை கிடைக்கும். கந்தப்பளையில் தனியாக நிற்கும் லீக்ஸ் தோட்டக்காரருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

நெல்லை எடுத்துக்கொண்டாலும் இதே கதைதான். காய்ந்த நெல் மாதக்கணக்கில் கெடாது. ஆனால் கிழக்கிலும் வன்னியிலும் கமக்காரர் அறுத்த கையோடு, ஈரம் காயமுன்னமே விற்கிறார். உரக்கடைக் கடன், அறுவடை இயந்திர வாடகை, அடகில் இருக்கும் நகை எல்லாம் சேர்ந்து அவரைத் துரத்தும். பெரும்போக அறுவடையில் எல்லா நெல்லும் ஒன்றாகக் கொட்டும்போது வாங்குபவர் களஞ்சியம் உள்ள ஆலைக்காரர். அரசாங்கம் வாங்கலாம் என்றால் வைக்க இடம் வேண்டும். 2015 இல் நெல் சந்தைப்படுத்தும் சபை, விமானங்கள் அதிகம் வராத மத்தள விமான நிலையத்தின் சரக்குக் கட்டடத்தில் நெல் வைத்தது ஞாபகம் இருக்கலாம். அதே நாட்டில் 2024 டிசம்பரில் நாட்டரிசிக்குத் தட்டுப்பாடு வந்து, இறக்குமதிக்கு அனுமதி கொடுக்க வேண்டி வந்தது. இரண்டே மாதத்தில், 2025 பெப்ரவரியில், புது அறுவடைக்காக 'நாடு' ரக நெல்லுக்குக் கிலோவுக்கு 120 ரூபாய் உத்தரவாத விலை அறிவித்தார்கள். அறுவடையில் மிகை, வருடக் கடைசியில் பஞ்சம். நடுவில் நெல் எங்கேயும் ஓடிவிடவில்லை, யாரோ ஒருவருடைய கூரைக்குக் கீழே இருந்தது.

முட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2022 இலும் 2023 இலும் ஒரு முட்டை 50, 60 ரூபாய் என்று போய், இந்தியாவிலிருந்து முட்டை இறக்கினார்கள். அந்த விலையைப் பார்த்துப் பலர் குஞ்சு போட்டார்கள். குஞ்சு முட்டையிட ஏறக்குறைய ஐந்து மாதம் எடுக்கும், இடத் தொடங்கினால் ஒரு வருடத்துக்கு மேல் நிற்காமல் இடும். 2025 தொடக்கத்தில் விலை 30 ரூபாய்ப் பக்கம் வந்தது, பண்ணைக்காரர்கள் தீனிச் செலவுக்கே காணாது என்றார்கள். 1928 இல் ஆர்தர் ஹானவ் ஜெர்மனியின் பன்றி விலையில் இந்தச் சுழற்சியைக் கண்டார். வரைபடத்தில் போட்டால் சிலந்தி வலை போல வருவதால் 1934 இல் நிக்கலஸ் கால்டோர் அதற்குச் சிலந்தி வலை என்றே பெயர் வைத்தார். இன்றைய விலையைப் பார்த்து எடுத்த முடிவு சில மாதம் கழித்துத்தான் சந்தைக்கு வருகிறது. அதற்குள் பக்கத்து வீட்டுக்காரரும் அதே முடிவை எடுத்திருப்பார். கரட்டையும் இந்தச் சுழற்சி விடுவதில்லை.

இப்போது கொழும்புக் கூரைகளிலும் ஒரு மிகை வந்திருக்கிறது. 2016 இல் தொடங்கிய திட்டத்தில் கூரைச் சோலார் மின்சாரத்துக்கு முதல் 7 வருடங்கள் ஓர் அலகுக்கு 22 ரூபாய் என்று விலை கட்டினார்கள். வசதி உள்ளவர்கள் போட்டார்கள், நல்ல காரியம்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அலுவலகமும் தொழிற்சாலையும் பூட்டியிருக்கும், வெயில் மட்டும் பூட்டாது. 2025 பெப்ரவரி 9, ஒரு ஞாயிறு, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கால் ஏற்பட்ட கோளாறு நாடு முழுவதையும் இருட்டாக்கியது. தேவை குறைவாகவும் சோலார் அதிகமாகவும் இருந்த நேரம் என்பதால் மின்தொகுதி அந்த அடியைத் தாங்கவில்லை என்று மின்சார சபை விளக்கியது. ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டு விடுமுறை வந்தபோது, கூரைச் சோலார்களைப் பகல் வேளையில் நிறுத்தி வைக்கும்படி சபை கேட்டுக்கொண்டது.

மரக்கறியில் மிகை வந்தால் விலை விழுகிறது. இங்கே விலை ஒப்பந்தத்தில் கட்டப்பட்டிருப்பதால் விழ வழியில்லை, ஆகவே சரக்கையே நிறுத்துகிறார்கள். விலையால் சொல்ல முடியாததைச் சுவிட்சால் சொல்கிறார்கள். மருந்து இரண்டுக்கும் ஒன்றுதான்: மத்தியான மின்சாரத்தை இரவு ஏழு மணிவரை வைத்திருக்கும் பட்டரி, மார்ச் மாத உருளைக்கிழங்கை மே வரை வைத்திருக்கும் குளிர்க் களஞ்சியம். இதைச் சோம்பலாகச் செய்தால், மிகை வரும் ஒவ்வொரு தடவையும் பலவீனமானவரிடமிருந்து பலமானவருக்குச் சொத்து கைமாறும். எனக்கு இது வெறும் பொருளாதாரக் கேள்வியாகப் படவில்லை. லொறிக் கூலிக்குக் கடன் எழுதிய கையால் இதை எழுதுகிறேன்.

2025 ஏப்ரல் 5 ஆம் திகதி, இந்திய உதவியில் கட்டிய 5,000 தொன் குளிர்க் களஞ்சியம் தம்புள்ளையில் திறந்துவைக்கப்பட்டது. பத்துத் தொன் லொறியில் 500 லொறி. நாடு முழுவதற்கும் இது சிறிது, ஆனால் நான் மேலே சொன்னபடி விலையைக் கவிழ்ப்பது பத்துக்கு மேல் வரும் அந்த இரண்டு லொறிதான். அந்த இரண்டைச் சந்தைக்கு வராமல் சில வாரம் மறித்து வைத்தாலே பெரிய வித்தியாசம் தெரியும். என் கவலை அதற்குள் யாருடைய சரக்கு இருக்கும் என்பதைப் பற்றியது. மொத்தமாக வாடகைக்கு எடுப்பவர் பெரிய வியாபாரி என்றால், விழுந்த விலையில் வாங்கி, ஏறிய விலையில் விற்க அவருக்கு இன்னொரு கூரை கிடைத்தது, அவ்வளவுதான். பத்து மூட்டை கொண்டுவரும் தோட்டக்காரருக்கு இடம் ஒதுக்க வேண்டும். வைத்த சரக்குக்கு ஒரு பற்றுச்சீட்டு கொடுத்து, அதைக் காட்டினால் வங்கி அன்றைக்கே கடன் தர வேண்டும். இந்தியா 2007 இல் களஞ்சியப் பற்றுச்சீட்டுக்கென்றே சட்டம் கொண்டுவந்தது. கடன்காரர் வாசலில் நிற்கும்போது களஞ்சியத்தின் கதவு திறந்திருந்தும் பயனில்லை. காசு கையில் இருந்தால்தான் அவரால் பொறுக்க முடியும்.

இன்னொன்றும் செய்யலாம், அதற்குக் கட்டடம்கூடத் தேவையில்லை. ஹெக்டர் கொப்பேகடுவ கமநல ஆராய்ச்சி நிறுவகம் மரக்கறி விலைகளைத் தொடர்ந்து சேகரித்து வெளியிடுகிறது. அது நடந்து முடிந்த விலை. நடுகிறவருக்குத் தேவை மூன்று மாதம் கழித்து வரப்போகும் சரக்கின் அளவு. கரட் விதையில் பெரும்பகுதி கப்பலிலோ விமானத்திலோதான் வருகிறது. எவ்வளவு விதை வந்தது, எந்தப் பிரதேசத்துக்குப் போனது என்ற கணக்கு சுங்கத்திலும் விதைக் கடைகளிலும் ஏற்கனவே இருக்கிறது. அதை வாரம் ஒருமுறை தமிழிலும் சிங்களத்திலும் குறுஞ்செய்தியாக அனுப்பினால், கந்தப்பளையில் இருப்பவர் கரட்டா, லீக்ஸா, கோவாவா என்று விதைக்கும் நாற்றுக்கும் போகுமுன்னமே ஒரு தடவை யோசித்துப் பார்ப்பார். இப்போது அவர் பார்ப்பதெல்லாம் பக்கத்துத் தோட்டத்தில் என்ன முளைத்திருக்கிறது என்பதைத்தான். மலைக்கு அந்தப் பக்கம் வெலிமடையில் என்ன நட்டிருக்கிறார்கள் என்பது, மெனிங் சந்தை இடம்மாறிப் போன பேலியகொடையில் லொறிகள் வரிசையாக வந்து நிற்கும் இரவில்தான் தெரியவருகிறது.